நன்னாரி பாட்டிலில் குறை இல்லை

சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட்டு வைத்தாலும் எங்கள் பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை வராது. கோவில்பட்டியில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், செல்லத்துரை அண்ணாச்சி பாட்டில் என்றால் நம்பி வாங்குவார்கள்.

இதைச் சொல்லத்தான் ஐயா, நானாகக் கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தேன். என் பாட்டில் யூனிட்டைப் பூட்டி, கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறீர்கள். நிரப்புகிற மெஷினைக் கழுவிய மருந்து உள்ளே தங்கிவிட்டதாகவும், அது பாட்டிலில் கலந்து சாவு நேர்ந்ததாகவும் அதில் சந்தேகம் எழுதியிருக்கிறது. செத்தது என் மகள். ஆனால் குறை மெஷினிலும் இல்லை, பாட்டிலிலும் இல்லை. அதைத் திருத்தி எழுத வேண்டும்.

உங்கள் ரைட்டர் பாட்டில் மூடியைப் பற்றி 'சீல்' என்று எழுதுகிறார். அது சரியில்லை, வளையம் என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் இருந்தே சொல்கிறேன். பிரிஃபார்ம் என்று விரல் நீளத்தில் பிளாஸ்டிக் குழல் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும். அதை விளக்குச் சூட்டில் இளக்கி, அச்சுக்குள் நிறுத்தி, காற்றடித்து ஊதினால் பாட்டில். உடம்பு மட்டும்தான் ஊதும், மரை போட்ட கழுத்து வந்தபடியே இருக்கும். மூடிக்கு அடியில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வளையம். முதல் தடவை திருகும்போது மூடி கையோடு வந்துவிடும், வளையம் அறுந்து கழுத்திலேயே நின்றுவிடும். வளையம் அறாமல் இருந்தால், மூடிய பிறகு யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. மூடுவதற்கு முன்னால் உள்ளே என்ன போனது என்று வளையம் சொல்லாது.

யூனிட் கழுகுமலை ரோட்டில் இருக்கிறது, வீடு அதற்குப் பின்னாலேயே. நம் கரிசல் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் எங்களுக்கு வேலை ஓய்ந்ததில்லை. முதலில் காலி பாட்டில் மட்டும் ஊதிக் கொடுத்தோம். பிறகு தண்ணீர் நிரப்பினோம். கல்யாண வீடுகளுக்குப் பெண் மாப்பிள்ளை படம் போட்ட லேபிள் ஒட்டிச் சின்ன பாட்டில் கொடுத்தோம். கடைசியாக ஆரம்பித்தது நன்னாரி சர்பத்.

சுந்தரேஸ்வரி எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்லூரி முடித்ததும் வேறு வேலை தேடவில்லை, யூனிட்டிலேயே பாட்டில் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்து, இடுப்பில் ஒரு அழுத்து அழுத்தி, கசிகிறதா என்று பார்ப்பாள். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண லேபிள் ஒட்டும்போதெல்லாம் என்னைச் சீண்டுவாள். "எப்பா, என் கல்யாண பாட்டில்ல என் படத்தச் சின்னதா போடுங்க. பெருசா போட்டா மூக்குதான் தெரியும்" என்பாள். "ஒம் மூக்குக்கு அஞ்சு லிட்டர் கேன்தாம்ட்டி ஒட்டணும்" என்பேன். கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

மணிராஜ் ஊதும் மெஷினை ஓட்டினான். கயத்தாறு பக்கம் ஒரு ஊர். நல்ல வேலைக்காரன், அதை நான் மறைக்க மாட்டேன். அடிப்பாகம் கோணிய பாட்டிலை அவன் காலத்தில் நான் பார்த்ததில்லை. நன்னாரிக்கு மெஷின் வாங்கியபோது, அதைக் கழுவுகிற முறையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் அவன் ஆட்கள் வேறு, நாங்கள் வேறு. அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டீர்கள், இந்த ஊரில்தானே வேலை பார்க்கிறீர்கள்.

அவனும் என் மகளும் திருநெல்வேலியில் போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, மாலையோடு என் கேட்டில் வந்து நின்றார்கள். நான் சத்தம் போடவில்லை. கை நீட்டவில்லை. "நீ மட்டும் உள்ள வா" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எப்பா, இவியளுக்கு ஒங்க கையால ஒரு வாய் தண்ணி குடுங்க. அதுவரைக்கும் நானும் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

நீங்கள் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது வெறும் சாப்பாடு இல்லை. இந்த வீட்டோடு எனக்கு உறவு உண்டு என்று ஒப்புக்கொள்வது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பேச்சு முடிகிறவரை அங்கே கை நனைக்க மாட்டார்கள். பகையாகிவிட்டால் பெற்ற வீடாக இருந்தாலும் பச்சைத் தண்ணீர் வாங்க மாட்டார்கள். என் மகள் சொன்னது அதைத்தான். சொல்லிவிட்டு அவனோடு பஸ் ஏறிவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவன் கேட்டான். "என்ன அண்ணாச்சி, ஊர்ப் பிள்ளையளுக்கு எல்லாம் படம் போட்டு பாட்டில் குடுத்தீய. ஒங்க மக பாட்டில் மட்டும் எங்க கைக்கு வரலியே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி சொர்ணத்தாய் ஒரு பக்கம் மகள் பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "அந்தப் பையனுக்கு என்ன கொறைங்கேன்? ஒரு செம்பு தண்ணி குடுத்தா தேஞ்சா போவீய?" என்று வாய்க்கு வாய் கேட்டாள்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. நிதானமாகத்தான் யோசித்தேன். அவன் இல்லாவிட்டால் அவள் வீட்டுக்கு வருவாள். கொஞ்ச காலம் அழுவாள், பேச மாட்டாள், மெலிந்துபோவாள். சொர்ணத்தாய் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வாள். ஒருநாள் தானாக எழுந்து வந்து பாட்டில் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். நான் கேட்டது என் மகள் திரும்பி வர வேண்டும் என்பதுதான், வேறு ஒன்றும் இல்லை. எந்தத் தகப்பனும் கேட்கிறதுதான்.

நானே போன் செய்தேன். "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா தாயி" என்றேன். அவள் பதில் அழுகையும் சிரிப்புமாக வந்தது. "வாரோம்ப்பா. அம்மாவப் பலகாரம் கிலகாரம்னு மெனக்கெட வேண்டாம்னு சொல்லுங்க. இவிய அம்மை பயப்படுதாவ. தப்பா எடுத்துக்கிடாதீங்க. நம்ம நன்னாரி பாட்டில் போதும். மூடி தெறக்காதது, அதுல யாருக்கும் பயம் வராதுலா?"

பாட்டிலைக் கேட்டது அவள்தான் ஐயா. நான் அதுவரை எப்படி என்று முடிவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் ஆள் கிடையாது. ஒரே ஒரு பாட்டில் தனியாக நிரப்பினேன். அதில் நன்னாரியோடு வயலுக்கு அடிக்கிற மருந்தும் இருந்தது. அதன் பேரைத் தனியாகச் சொல்கிறேன். மெஷின் மூடினால் எல்லா மூடிக்கும் ஒரே இறுக்கம் கிடைக்கும். ஒரு பாட்டிலுக்காக மெஷினை ஓட்ட முடியாது என்று கையாலேயே மூடினேன். வளையம் சுற்றிலும் முழுசாக இருந்தது. இறுக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு அது, ஒப்புக்கொள்கிறேன்.

வந்தார்கள். அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், கொஞ்சம் கறுத்திருந்தாள். சொர்ணத்தாய் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் தட்டில் நாலு பாட்டில் கொண்டுவந்து வைத்து, ஒன்றை எடுத்து மணிராஜிடம் நீட்டினேன். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். சுந்தரேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "இருங்க, நம்ம பாட்டில நான் பாக்காம எவிய வாயிலயும் வைக்க விடமாட்டேன்" என்றாள். விளையாட்டுத்தான். பழைய பழக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, இடுப்பில் ஒரு அழுத்து அழுத்தினாள். கழுத்தோரம் ஒரு சொட்டு வந்து நின்றது.

"பாத்தீங்களா, நான் இல்லன்னதும் யூனிட் எப்படி ஆயிருச்சுன்னு? மொதலாளியவே வேலைய விட்டுத் தூக்கணும் போலுக்கே" என்று சிரித்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கசிகிற பாட்டிலை வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டோம். கொட்டவும் மாட்டோம், நம் பொருள் அல்லவா. வீட்டு ஆட்கள் குடித்துத் தீர்ப்போம். நான் வைத்த வழக்கம்தான். அவள் சின்னப் பிள்ளையிலிருந்து கசிகிற பாட்டில்தான் குடித்து வளர்ந்தாள். மணிராஜ் அன்றைக்கு விருந்தாளி. அதனால் தட்டில் இருந்த நல்ல பாட்டில் ஒன்றை எடுத்து, அழுத்திப் பார்த்து, அவனிடம் கொடுத்தாள். "எனக்கு இது போதும்" என்று கசிந்ததைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் நான் ஃபேன் போட உள்ளே போயிருந்தேன், திரும்பி வரும்போது பாட்டில் பாதி காலியாக இருந்தது என்று முதல் நாள் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் கயத்தாறு தாண்டும்போது என் மடியில்தான் அவள் தலை இருந்தது. மணிராஜ் காலைப் பிடித்துக்கொண்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள், பேச்சு வரவில்லை. நான் ஈரத்துண்டால் அவள் வாயைத் துடைத்தேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மணிராஜ் என் தோளில் விழுந்து அழுதான். அதுவரை மொதலாளி என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு மாமா என்றான். "மாமா, அந்த மெஷினக் கழுவுத மொற நான் சொல்லிக் குடுத்தது. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் போல மாமா. நாந்தான் அவளக் கொன்னுட்டேன்." அதையே உங்களிடமும் சொல்லியிருக்கிறான். அதை வைத்துத்தான் யூனிட்டைப் பூட்டினீர்கள். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அவன் இப்போதும் சாப்பிடுவதில்லை என்று சொர்ணத்தாய் சொல்கிறாள். அவளே சோறு கட்டிக்கொண்டு போய் ஊட்டிவிட்டு வருகிறாள்.

அவன் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தான். மெஷின் சுத்தம். பாட்டில் சுத்தம். இதை எழுதினால் நான் வந்த காரியம் முடிந்தது. அவனுக்கு வைத்தது கை தவறி மகளுக்குப் போய்விட்டது என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். தவறுதலாக நடந்ததற்கு ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள். சொர்ணத்தாயிடம் பேசியிருப்பீர்கள். அவளும் அங்கேதானே நின்றாள்.

சரி. ஃபேன் போடப் போனேன் என்றது பொய். அன்றைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. நான் சுந்தரேஸ்வரிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், கை நீட்டினால் எட்டுகிற தூரம். தட்டிவிட்டிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கசியுதே தாயி, கீழே வை, வேற எடுத்துக்கோ என்றால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது. அப்போது தோன்றவில்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்போதே தோன்றியது.

கூடவே இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பாட்டிலை நான் வாங்கி வைத்துவிட்டால், சாயங்காலம் அவன் இவளைக் கூட்டிக்கொண்டு கயத்தாறு பஸ் ஏறிவிடுவான். நான் மறுபடியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் மூடியைத் திருகினாள். வளையம் அறுகிற சத்தம் கேட்டது. உடனே குடிக்கவில்லை ஐயா. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இவியளுக்கு ஒங்க கையால குடுத்துட்டீய. இனி நானும் குடிக்கட்டாப்பா?" என்று கேட்டாள்.

"குடி தாயி" என்றேன்.