விழாத கம்பு

— எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா. மொதலாளி பொண்ணு குதிரை மேலேருந்து விழுந்தப்போ கம்பும் கூடவே விழுந்த மாதிரிதான் இருந்துச்சு. ஒன்பது நாளாச்சுல்ல, எல்லாம் குழம்பிக் கெடக்கு.

— ம். குழாயை ஆடாமப் பிடி. அறுக்கணும்.

— தண்ணிக் குழாயில குதிரை தாண்டற கம்பு! பாரேன், மொதலாளி பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். நாலு மணிக்குச் செவலையை ஊசி போட்டுக் கொல்ல டாக்டரையும் கூட்டிட்டுத்தானே வர்றாரு. கால் ஒடைஞ்சது பொண்ணுக்கு, பழி குதிரைக்கு. அவர் கண்ணு முன்னால அவ ஒரு கம்பைத் தாண்டினா அவளை விட்டுடறேன்னு சொல்லியிருக்காரு.

— பழைய மரக்கம்பு இருக்கே?

— அதைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்குது. இது லேசு. கால் பட்டா உருண்டுடும், வலிக்காது. உள்ள என்னடா சரசரங்குது?

— மணல். காத்துல பறக்கக் கூடாதேன்னு கொஞ்சம் போட்டேன்.

— அறிவிருக்கா? அந்தச் சத்தத்துக்கே ஓடிடுவா. கொட்டிட்டுப் பழைய மெத்தைப் பஞ்சைத் திணி.

— திட்டாதக்கா, கொட்டிடறேன். செவப்பு டேப் சுத்தட்டா?

— இடம் விட்டு விட்டுச் சுத்து. அப்பத்தான் அவ கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் கூடை ரெண்டைக் கவுத்துப் போட்டு மேல சும்மா வை. கட்டாத.

— நான் எதுக்குக் கட்டப் போறேன்?

— ஏன் கத்தற? சும்மாதானே சொன்னேன்.

— வாம்மா செவலை. வா தங்கம். நின்னுட்டாக்கா.

— கயித்தை இழுக்காத. நிக்கட்டும்.

— மணி மூணே முக்கால்.

— பேசாத.

— எவ்வளவு நேரம்தான் இப்படியே...

— மூக்கை நீட்டறா, பாரு.

— தொட்டுட்டா! அய்யோ, தள்ளிட்டாக்கா. கம்பு விழுந்துடுச்சு. மிரண்டுட்டா.

— மிரளலடா. ஆச்சரியப்படறா. இந்த ஒன்பது நாளா கம்புன்னா விழாதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கா. அதை அவளுக்கு யாருடா கத்துக் குடுத்தது?

— அக்கா...

— சொல்லு.

— ஒவ்வொரு தடவையும் கால் பட்டு விழும். ஓடி ஓடி எடுத்து வெச்சு முதுகு விட்டுப் போச்சு. அன்னிக்குக் கம்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடிச்சுட்டேன். சாயங்காலம் பிடுங்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மொதலாளி பாப்பா ஏறிட்டா.

— ம்.

— சொன்னா வேலை போயிடும். லாயத்து மேல நாம இருக்கற ரூமும் போயிடும். அப்புறம் எங்கக்கா போவோம்? இவ தாண்டிட்டா யாரும் எதையும் கேக்க மாட்டாங்கன்னுதான்...

— தாண்ட மாட்டா. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் ஒரு கம்பு விழறதைப் பார்த்திருக்கா. இன்னும் பத்து நாளாவது வேணும். நமக்கு இருக்கறது பத்து நிமிஷம்.

— கார் சத்தம் கேக்குதுக்கா. கேட்டைத் தொறக்கறாங்க.

— கையை நீட்டு.

— என்ன இது?

— பாப்பாவைத் தூக்கிட்டுப் போனதுமே நான் பிடுங்கினது. ஒன்பது நாளா என் மடியிலதான் இருக்கு. ரெண்டு ஆணி. ஒண்ணை நீ வெச்சுக்க, ஒண்ணு எனக்கு. நட, போய்ச் சொல்லுவோம்.