ரெண்டு காலேஜுக்கும் ஒரே கோட்டு

— அசையாதடி! குண்டூசி குத்தினா என்னைக் கேக்காத.

— குத்தட்டும்மா. ரெண்டு காலேஜ்ல சீட் கிடைச்சவளுக்கு வலியெல்லாம் தெரியாது.

— ஆமா, அந்த ஸ்டூல் மேல நின்னு இன்னும் கொஞ்சம் ஆடு. நல்லவேளை, லேப் கோட்டு ரெண்டு காலேஜுக்கும் ஒரே மாதிரி. இல்லைன்னா ரெண்டு தைக்க வச்சிருப்ப. மணி மூணாச்சு. அஞ்சுக்குள்ள ஒருத்தருக்குச் சரின்னு சொல்லணும்...

— சொல்லலாம், சொல்லலாம். ‘தங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி’ன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. தங்களை! இதுவரைக்கும் என்னை யாரும்மா தங்கள்னு கூப்பிட்டிருக்கா?

— நான் கூப்பிடறேன். தங்கள் வலது கையைக் கொஞ்சம் தூக்குகிறீர்களா?

— ஐயோ... கூசுதும்மா!

— சரி, விளையாட்டு போதும். எந்தக் காலேஜ்?

— தெரியலையே. ரெண்டுமே நல்லாருக்கே. இங்க, நம்ம தெருமுனையில, முதல் வருஷத்துலேயே மைக்ராஸ்கோப்பைக் கையில குடுத்துடுவாங்க. அங்க...

— அங்க?

— அங்க கடல் இருக்கும்மா. ஆனா ரயில்ல பதினோரு மணி நேரம்.

— ம்... ஒண்ணு பண்ணு. போட்டுப் பாரு.

— எதை?

— காலேஜைத்தான். வெட்டின துணியை உடனே மெஷின்ல ஓட்டிடறேனா? பெருசு பெருசா நூலோட்டி, உடம்புல போட்டுப் பார்த்துட்டுத்தானே தைக்கிறேன்? முதல்ல இந்தக் காலேஜ். திங்கட்கிழமை காலை. சொல்லு.

— எட்டு மணிக்கு எந்திரிப்பேன்...

— பொய்.

— சரி, எட்டே முக்கால். நடந்தே போயிடுவேன். மத்தியானம் வந்து உன்கூட சாப்பாடு. சாயங்காலம் உனக்குப் பட்டன் தைச்சுக் குடுப்பேன். நல்லா... நல்லாத்தான் இருக்கும்.

— இரு, கீழ்மடிப்புக்கு ஊசி போட்டுக்கறேன்... முட்டிக்குக் கீழ வருது. சரி. இப்ப அந்தக் காலேஜ்.

— அங்கயா? அம்மா, அவங்ககிட்ட சொந்தமா ஒரு படகு இருக்கு தெரியுமா? காலேஜ் படகு! விடியறதுக்கு முன்னாடியே பசங்களை ஏத்திக்கிட்டுப் போய், வலை போட்டு, சிக்கினதை எல்லாம் எண்ணி எழுதிட்டு, திரும்பக் கடல்லேயே விட்டுடுவாங்களாம். ஜெல்லிமீன் பட்டா தீயா எரியுமாம். ஒருத்திக்குக் கை இப்படி வீங்கிப்போய், அவ என்ன பண்ணா தெரியுமா...

— அடியே.

— என்னம்மா?

— கோட்டு முட்டிக்கு மேல ஏறிடுச்சு.

— அதுக்கு நான் என்ன பண்றது?

— இந்தக் காலேஜைச் சொன்னப்போ கூன் போட்டு நின்ன. படகுன்னதும் நெஞ்சை நிமித்திட்ட. ரெண்டு விரல் வித்தியாசம். இருபது வருஷமா அளவெடுக்கறேன், வாய் சொன்னதை நம்பி ஒரு துணியைக்கூட வெட்டினதில்ல. நீ கடலுக்குப் போ.

— மாட்டேன்.

— ஏண்டி?

— ... வர முடியலைன்னு அவங்களுக்கு நேத்தே எழுதிட்டேன்.

— என்னது!

— கத்தாதம்மா, இன்னும் அனுப்பல! எழுதி போன்லேயே வச்சிருக்கேன்.

— எதுக்குடி எழுதின?

— அப்பா தவறினதுலேர்ந்து நாம ரெண்டு பேர்தானே? நானும் போயிட்டா, சாப்பிட்டியான்னு உன்னை யாரு கேப்பா? இந்த மெஷின் கேக்குமா?

— ... இறங்கி வா கண்ணு. மெதுவா. நீ போனா எனக்கு அழுகை வரும்தான். ரெண்டு நாள் மூக்கைச் சிந்திக்கிட்டு இருப்பேன். ஆனா எனக்காக நீ இங்கயே இருந்தா தினம் தினம் அழுகை வரும்டி. போனை எடு. அழி அதை.

— நிஜமாவாம்மா?

— அழிச்சியா? இப்ப வர்றேன்னு எழுது. பெருமகிழ்ச்சின்னு நீயும் போடு.

— போட்டுட்டேன்... அனுப்பிட்டேன்... அம்மா, அனுப்பிட்டேம்மா!

— ஆடாதடி, ஊசியெல்லாம் கொட்டுது! ... அப்பாடா.

— என்ன அப்பாடா? பெத்த பொண்ணு ஊரை விட்டே போறா, நீ வாயெல்லாம் பல்லா நிக்கிற?

— ஒண்ணுமில்லடி.

— ஒண்ணுமில்லாமயா காது வரைக்கும் சிவந்திருக்கு? சொல்லும்மா!

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— இப்பவே சிரிக்கிற.

— சரி, வாயைப் பொத்திக்கிட்டேன். சொல்லு.

— தெருமுனைக் காலேஜ்ல சாயங்கால வகுப்பு இருக்குல்ல... வரலாறு... அதுல எனக்கும் சீட் கிடைச்சிருக்குடி. நீ அங்கதான் சேருவேன்னு நின்னா, அம்மாவும் பொண்ணும் ஒரே காலேஜான்னு உன்னைக் கேலி பண்ணுவாங்களேன்னு, எனக்கு வேண்டாம்னு நானும் ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கேன்... கிழிச்சுடட்டுமா?