நல்ல பொண்ணுதான்

காபியில் சர்க்கரை போடவில்லை, ஆனந்தகுமார். உனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று நம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் நீயே எழுதியிருந்தாய். ஆற அமரக் குடி. அன்றைக்கு வகுப்பு லீடராக இருந்த பாவத்துக்கு, இந்த வயதிலும் பஞ்சாயத்துக்கு நீதான் அலைய வேண்டியிருக்கிறது.

எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். சுமலதா மகள் ஹம்ஸினியின் கல்யாண விஷயம். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

பத்தாம் வகுப்பில் நானும் சுமலதாவும் ஒரே பெஞ்ச். கணக்கில் நான் முதல், அவள் எனக்கு அடுத்து. அந்த வருஷம் நாம்பள்ளியில் எக்ஸிபிஷன் போட்டபோது, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு நம் வகுப்புக் கிரியோடு போனேன். ராட்டினம் சுற்றினோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவள் சுமலதா ஒருத்திதான். வீட்டுக்குத் திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலை. மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் அவரைப் போல மானம் மரியாதை பார்க்கிற மனுஷன் கிடையாது. என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பரீட்சை எழுதவில்லை. அடுத்த தை மாதம் என்னைப் பாலாநகர் தொழிற்சாலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவுக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. மனுஷர் தங்கமானவர், வாயைத் திறந்து பேச மாட்டார். குழந்தை குட்டி இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுமலதா பி.காம். முடித்து வங்கியில் ஆபீசரானாள்.

சில வருஷத்துக்கு முன் நீ எல்லோரையும் முதல் தடவை கூட்டினாயே, அன்றைக்கு அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்கடி போய்த் தொலைஞ்சே கல்பகம், உன்னை நினைக்காத நாளில்லைடி" என்று அழுதாள். காட்டிக்கொடுத்தவள் அழுகிறாளே என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மகள் படத்தைக் காட்டினாள்.

"வரன் பார்க்கிறோம்டி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிக்கணும்னா உன் நம்பர் குடுக்கட்டா?"

"ஹவ், தாராளமா குடு" என்று தலையாட்டினேன்.

நமக்கு இருக்கிற கஷ்டம் உனக்குத் தெரியாததா? திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரன் வரும். இந்தத் தெலுங்கு ஊரில் தமிழ்க் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று அவர்கள் யாரைக் கேட்பார்கள்? அல்வால் கோயிலில் எனக்கு நல்ல பெயர். என் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

முதலில் கூப்பிட்டது சேலத்து அம்மாள் ஒருத்தி. "நல்ல பொண்ணுதான்" என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். "டாக்டர்கிட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டேன். எதுக்கு என்றாள். "ஒண்ணுமில்ல, இன்டர், அதான் பிளஸ் டூ, படிக்கும்போது ஆஸ்பத்திரியில இருந்தா. விடுங்க, இப்ப நல்லாத்தான் இருக்கா." அவ்வளவுதான் பேச்சு. நான் பொய் சொல்லவில்லை. ஹம்ஸினி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தது நிஜம். டைபாய்டு. என்ன வியாதி என்று அந்த அம்மாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு கூப்பிட்டவர்களும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் யாரும் தோண்டிக் கேட்பதில்லை, ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பெண் வீட்டாரிடமும் காரணம் சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள்.

அதனால் சுமலதா தோஷம் என்று நம்பிவிட்டாள். பரிகாரத்துக்குக் கோயில் கோயிலாக ஏறினாள். துணைக்கு நான்தான் போனேன். அவள் மகளுக்காக நெய்விளக்குக்கூட ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு வரன் தட்டும்போதும் அந்தப் பெண் இளைத்துக்கொண்டே வந்தாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. சுமலதாவின் முகத்தைப் பார்க்கும்போது அந்தக் கஷ்டம் போய்விடும், மனசு குளிர்ந்துவிடும்.

போன மாதம் மறுபடி கூடினோம். நம் பிரசாத் இரண்டு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தான். "கல்பகம், உங்கப்பா என்னை ரோட்டுல நிறுத்தி, ஸ்பெஷல் கிளாஸ் விட்டாச்சான்னு கேட்டாரு. ஏது கிளாஸு, அவளை எக்ஸிபிஷன்ல பார்த்தேனே அங்கிள்னு உளறிட்டேன். ஞாபகம் இருக்கா?" சுமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் உங்க வீட்டுக்கு எத்தனை வாட்டி வந்தேன் தெரியுமாடி? படிக்க விடுங்க மாமான்னு கெஞ்சினேன். உங்கப்பா கேட்டைத் திறக்கவே இல்லை" என்றாள்.

அதை நீயும் கேட்டாய். நான் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஹம்ஸினி போன் செய்தாள். பூனாவில் வேலை பார்க்கிற ராஜீவும் அவளும் பேசிப் பழகிப் பிடித்துப்போய்விட்டதாம். "ஆன்ட்டி, அவங்கம்மா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. எனக்கு ராஜீவ்னா ரொம்ப இஷ்டம். மீரு ஒக்க மாட்ட செப்பண்டி, சாலு." ஒரே வார்த்தை சொன்னால் போதுமாம். அந்தப் பெண் தெலுங்கில் பேச ஆரம்பித்தால் அழுகை வரப் போகிறது என்று அர்த்தம். சொல்கிறேன் கண்ணு என்றேன்.

ராஜீவின் அம்மா அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டாள். நல்ல பொண்ணுதான் என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். டாக்டர்கிட்ட பேசிட்டீங்களா என்று கேட்டேன். அந்த அம்மாள் தங்களுக்குத் தெரிந்த உன் நண்பர் ஒருவரிடம் நான் சொன்னதை என் பெயரோடு சொல்லிவிட்டாள், நீ இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய். ஆமாம், எல்லா வரனையும் தட்டிவிட்டவள் நான்தான். சுமலதா மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்துகொண்டே இதையும் தட்டிவிட்டேன்.

போனை நீட்டாதே, ஆனந்தகுமார். டைபாய்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் பிழைத்துப்போவாள் என்கிறாய். இருக்கலாம். நான் சொல்ல மாட்டேன். பிரசாத் விளையாட்டுப் பிள்ளை, தெரியாமல் உளறியவன். சுமலதா வாசலில் நின்று கெஞ்சியவள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் படிப்பு போனது போனதுதானே, என் வாழ்க்கை பாழாய்ப் போனது நிஜம்தானே? அதற்கு நான் யாரையாவது வெறுத்தாக வேண்டும். சுமலதாவையும் விட்டுவிடு என்றால், பிறகு யாரை வெறுக்கச் சொல்கிறாய், எங்கப்பாவையா?