சாயம் நிற்காத கிருமி

இந்திராணி: இன்னாண்ணே, வார்டு வாசல்ல நின்னுக்கினே தூங்குறீங்க?

தர்மன்: தூங்கலம்மா... காலையிலேர்ந்து சாயத்தொட்டி ஆவியில நின்னது. கண்ணு எரியுது. லேப்ல என் பொஞ்சாதி ரத்தத்துல இன்னா தெரிஞ்சுது?

இந்திராணி: டைபாய்டு கிருமிதான். ஊதாச் சாயம் போட்டு ஸ்பிரிட்டுல கழுவினா நிக்கல. அப்புறம் சிவப்பு போட்டேன், புடிச்சிக்கிச்சு.

தர்மன்: எங்க பட்டறையில சாயம் நிக்கலன்னா மொதலாளி என்னத்தான் திட்டுவாரு.

இந்திராணி: கேலி இருக்கட்டும். அந்த வகைக் கிருமிக்கு மேல இன்னொரு தோலு கூட இருக்குது.

தர்மன்: ரெட்டைப் போர்வையா?

இந்திராணி: அப்படித்தான். வெளித்தோலுல புரதத்தால ஆன குட்டிக் குட்டி வாசல் இருக்குதாம். டாக்டர் புதுசா வந்த புக்குல படிச்சாராம். நீங்க மொதல்ல வெளியில போட்ட பென்சிலின் ஊசி அதுல நுழையல. இப்ப குடுக்கற கேப்சூல் நுழையுது.

தர்மன்: நுழையுதுன்னா பத்மாவுக்கு ஜுரம் ஏன் எறங்கல?

இந்திராணி: அதத்தான் நானும் கேக்கறேன். தட்டுல வளத்த கிருமி மருந்து பட்டதும் அடங்கிப்போவுது. அக்கா உடம்புல மட்டும் அடங்கல... வேளை தவறாம குடுக்கறீங்க இல்ல?

தர்மன்: குடுக்கறேனே...

இந்திராணி: ராத்திரியும்?

தர்மன்: ராத்திரி நர்சம்மா வந்து கேட்டுட்டுத்தான் போறாங்க...

இந்திராணி: அண்ணே! இப்படியே போனா குடல்ல ஓட்டை வுழுந்துடும். அப்புறம் உசுருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

தர்மன்: பொழுது சாஞ்சா அவ தண்ணிகூடத் தொடமாட்டாம்மா. திருப்பருத்திக்குன்றம் ஜைனக் குடும்பம் நாங்க. நானாவது பட்டறையில டீ குடிச்சிடுவேன்... அவ விரதத்த வுடமாட்டா. ராத்திரி மாத்திரையெல்லாம் என் வேட்டி மடியிலதான் இருக்குது. நர்சம்மாகிட்ட, முழுங்கிட்டான்னு சொல்லிட்டேன்.

இந்திராணி: அட பாவி மனுஷா! பகல்ல அடங்குற கிருமி ராத்திரி எழுந்து உக்காந்துக்கும். வாங்க உள்ள. இப்பவே குடுங்க.

தர்மன்: வெளக்கு வெச்சாச்சேம்மா...

இந்திராணி: ஜன்னல நான் சாத்தறேன். பொழுது இருக்குதுன்னு சொல்லுங்க.

தர்மன்: அவகிட்டயா? பொய்யா?

இந்திராணி: நர்சம்மாகிட்ட மட்டும் நாக்கு வந்துதா?

பத்மாவதி: யாருங்க அது...

தர்மன்: நான்தான் பத்மா. மாத்திரை. வாயத் தொற.

பத்மாவதி: பொழுது இருக்குதா?

தர்மன்: இருக்குது... மேகம் மூடிக்கினு இருக்குது, அதான் இருட்டா...

பத்மாவதி: கோயில்ல சாயரட்ச மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க. காதுல வுழுந்துது... உங்க கொரல் இப்படி நடுங்கி நான் கேட்டதே இல்ல. பொழுது இருக்குதுன்னே வெச்சுக்கறேன். குடுங்க.