ரெண்டாவது அப்பு

— அப்ப காலேஜுக்கு நம்ம செஞ்சு குடுத்த விண்ணப்ப சைட்டுல வர்ற ரெண்டு மெசேஜுக்கும் ஒரே பேரு வச்சது நீங்கதான், மணிமாறண்ணே.

— ஆமா சபிஹா பாப்பா. நான் கம்ப்யூட்டர் கோடு எழுதுனா எதுக்கும் அப்புன்னுதான் பேரு வைப்பேன். அதுல என்ன கெட்டுப்போச்சு?

— சர்வர்லேர்ந்து வெப் பக்கத்துக்கு மெசேஜு காட்டுற ஸ்கிரிப்ட் அனுப்புறப்ப ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு வேணும்ணே. அதே பேருல ரெண்டாவது வந்தா சத்தமில்லாம தூக்கிப் போட்டுரும். எர்ரர்கூடக் காட்டாது.

— அதான் ஒண்ணு வருதுல்ல.

— வருது. 'உங்க விண்ணப்பம் வந்து சேர்ந்தது'ன்னு. வராம போனது என்ன தெரியுமா? 'மாற்றுச் சான்றிதழ் தெளிவா இல்ல, மறுபடி ஏத்துங்க, இல்லன்னா தள்ளுபடி'. நர்சிங் சீட்டுக்குப் போட்ட நாப்பத்தோரு புள்ளைக, எல்லாம் சரியா இருக்குன்னு நம்பி வீட்ல உக்காந்திருக்குக.

— சரி, திருத்திட்டேல்ல?

— திருத்திட்டேன். ஆனா மறுபடி ஏத்த இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி. காலேஜுக்கு ஒரு போன் போட்டு நம்ம தப்புன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் தள்ளி வைப்பாங்க.

— சொன்னா அடுத்த வருசம் நமக்கு வேலை குடுப்பானா? செத்த நேரம் நான் சொல்றதக் கேளு. அந்தப் புள்ளைக ரெண்டாவது மெசேஜையும் பாத்துச்சுகன்னு பதிவுல ஏத்தி விட்ரு. பாத்துட்டும் சும்மா இருந்தா நம்ம என்ன செய்ய?

— ச்சீ.

— என்ன பாப்பா?

— காலைல நீங்க வாங்கிக் குடுத்த டீயக் கக்கிரலாம்போல இருக்கு. தப்பு நம்மளது, பழி அதுக மேலயா?

— ஒரு தடவ போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல அதுக? தொப்பம்பட்டி மாதிரி ஊர்ல இருந்தா போனு இல்லையா? சீட்டு வரலன்னா மார்க்கு பத்தலன்னு நெனச்சுக்கிட்டு வேற வேலையப் பாக்கும். இத்தன வருசத்துல யாராச்சும் வந்து கேட்டாங்களா?

— இத்தன வருசம்னா? முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?

— நாலு வருசத்துக்கு முந்தி எழுதுனது பாப்பா. நடுவுல ஒருத்தன் சொன்னான். ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டேன்.

— த்தூ. ரெண்டாவது மெசேஜு போய்ச் சேராத பழைய பட்டியலையும் எடுத்துப் பாத்தேன்.

— பழசு உனக்கு எதுக்கு? மொதல்ல அந்த போன கீழ வையி. யாருக்குப் போடுற?

— காலேஜுக்கு. ரிங் போகுது.

— உனக்கென்ன அம்புட்டு அக்கறை? அதுக யாரு, நீ யாரு?

— மூணு வருசத்துக்கு முந்தின பட்டியல்ல நாலாவது பேரு, சபிஹா, பேகம்பூர். மார்க்கு பத்தலன்னு நெனச்சுக்கிட்டுத்தாண்ணே உங்ககிட்ட வேலைக்கு வந்தேன்.