பெரிய எழுத்தில் மறைந்த பொத்தான்

தலைமையேற்றுத் தயவோடு அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, மென்பொருள் செய்யும் மதிநுட்பக் குழுவினரே, நரைத்த தலைப் பெரியோர்களே, நலம் காக்கும் தாய்மார்களே, கறுப்புக் கண்ணாடியோடு முதல் வரிசையில் இருக்கும் என் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

இந்த உரையை நானே எழுதி நானே படிக்கிறேன். எழுபது வயதில் எழுத்தைப் பிடித்தவன் நான். கடைப் பலகை படிக்கிறேன், பேருந்துப் பலகை படிக்கிறேன், மருந்துச் சீட்டைத் தவிர மற்றதெல்லாம் படிக்கிறேன்! டாக்டர் ஐயா, நீங்களே சிரிக்கலாமா?

ஆனாலும் இன்று நான் பேச வந்தது ஒரு கண்ணைப் பற்றி.

அண்ணனுக்கு வலக்கண்ணில் அழுத்தம். சீக்கிரம் அறுவை சிகிச்சை வேண்டும், மருத்துவமனை மென்பொருளில் பதியுங்கள் என்று இங்கே சொன்னார்கள். வீட்டுக் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பெயர், வயது, நாள் எல்லாம் நிரப்பினார். "முடிஞ்சுதுடா" என்றார். முடிந்ததா? எழுத்து பெரிதானதும் ‘உறுதி செய்’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே நழுவிவிட்டது. கண்ணில் படாத பொத்தானை எந்தக் கை அழுத்தும்? குறித்த நாளில் வந்து நின்றார். "உங்க பேரே இல்லையே ஐயா!" என்றார்கள். மறுபடி இடம் கிடைப்பதற்குள் கண் போய்விட்டது.

அந்த மென்பொருளைச் சோதித்தவள் என் மருமகள். அதற்கென்று ஒரு கணினியைத் தனியாக அமைத்திருந்தாள். அதில் திரை அளவு மாறாது, எழுத்து அளவு மாறாது, இடையில் ஓர் அறிவிப்புகூட எட்டிப்பார்க்காது. ஆளில்லாமலே அம்புக்குறி நகரும், பொத்தானைத் தேடும், அழுத்தும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

"தினமும் பச்சைதான் மாமா வந்துச்சு. எழுத்தைப் பெருசாக்கிப் பாக்கணும்னு தோணவே இல்லையே" என்று அழுதாள். இயந்திரம் பொய் சொன்னதா? இல்லை. அதன் திரையில் எல்லாம் சரி. அண்ணனின் திரை அதனிடம் இல்லை, அவ்வளவுதான்.

"பெரிய மாமா..." என்று அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அழுது உன் கண்ணையும் கெடுத்துக்காதே. எனக்கு இன்னொண்ணு மிச்சம் இருக்கு. அதுலயும் அழுத்தம் ஏறுதாம். அதுக்காவது ஒழுங்கா ஒரு வழி பண்ணும்மா" என்றார் அண்ணன்.

இன்னொரு கணினி அமைத்தாள். அண்ணன் வைத்திருந்த அதே பெரிய எழுத்து, அதே சின்னத் திரை. சோதனையை ஓட்டினாள். அம்புக்குறி தேடியது, தவித்தது, நின்றது. சிவப்பு!

கை தட்டாதீர்கள் தம்பி. அந்தச் சிவப்பு முன்பே எரிந்திருந்தால், அண்ணன் இன்று உங்களை இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பார்.

குழுவினரே, மங்கிய கண்ணுக்கு ஒரு கணினி அமையுங்கள்! நடுங்கும் கைக்கு ஒன்று அமையுங்கள்! பழைய திரைக்கு ஒன்று அமையுங்கள்! முதலில் தடுமாறுவது இயந்திரமாக இருக்கட்டும், மனிதராக வேண்டாம்!

பொத்தானைச் சரிசெய்துவிட்டார்கள். நேற்று அண்ணன் இடக்கண்ணுக்குப் பதிந்தார். ‘பதிவு உறுதியானது’ என்று நான் படித்தேன். "இன்னொரு தடவை படிடா" என்றார். படித்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. படித்த எனக்கும் வரவில்லை.

கண்காணிப்பாளர் அம்மா, பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா?

அண்ணா, இவ்வளவு தூரத்தில் நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அம்மா தலையாட்டுகிறார்கள். இருக்கிறதாம்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லார் கண்ணும் நலமாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.