வண்டி கவிழவில்லை என்று எழுதிய அக்காவுக்கு

செய்தி மேசையின் செல்லச் சிடுசிடுப்பே! சிவப்பு மையின் சிம்மாசனமே! ஐயம் இருந்தால் அச்சேற்றாத ஆசிரியரே! முதலாளி முகம் சுளித்தாலும் முதல் வரியை மாற்றாத மூத்தவரே! எங்கள் நாளிதழின் செய்தி ஆசிரியராக வீற்றிருந்து இன்று மாலையோடு விடைபெறும் அன்பு அக்காவே! வணக்கம்.

செந்தமிழில் இருக்க வேண்டும், சட்டம் போட்டு மாட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் இந்த மடலை எழுதும் வேலையை இளையவர்களான எங்கள் தலையில் கட்டினார்கள். மேலே செந்தமிழ் வந்துவிட்டது, இனி மூச்சு வாங்கும். தவிர, நேருக்கு நேர் புகழ்ந்தால் நீங்கள் பாதியிலேயே எழுந்து கை கழுவப் போய்விடுவீர்கள் என்பதும் தெரிந்த கதை. ஆகவே கொஞ்ச நேரம் உங்களைப் படர்க்கையில் வைத்தே சொல்கிறோம். யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

அக்காவுக்கு இந்த அலுவலகத்தில் இன்னொரு பெயர் உண்டு. அவர் இல்லாதபோது மட்டும் புழங்குகிற பெயர், இன்றைக்குப் போட்டு உடைத்துவிடுகிறோம். ‘கேட்டாச்சா’. ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதினால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினால், தண்ணீர் விடுகிறவரிடம் கேட்டாச்சா? சுவர் இடிந்தால், கட்டியவரிடம் கேட்டாச்சா? இரங்கல் செய்தி எழுதிக்கொண்டுபோன ஒருவரிடமும் பழக்க தோஷத்தில் இதே கேள்வி வந்ததாகவும், அவர் அன்றே விளம்பரப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியதாகவும் ஒரு கதை உலவுகிறது. இதை அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்கள் பிரதியை அக்கா வாய்விட்டுப் படிப்பது வேறு. நாம் விட்ட பிழை தளம் முழுக்கக் கேட்கும். மானம் கப்பலேறும். அப்படிக் கப்பலேறிக் கப்பலேறித்தான் எங்களுக்கு எழுத வந்தது.

ஆனால் இவ்வளவு கறாரான சட்டத்துக்கும் ஓர் ஓட்டை இருந்தது. ராணுவத்தின் முத்திரையோடு வருகிற அறிக்கையை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. எந்த நாளிதழிலும் கேட்பதில்லை. வந்தால் வந்தபடியே அச்சுக்குப் போகும். அப்படி வந்ததுதான் அந்தக் குட்டிச் செய்தி. பயிற்சிக்குச் சென்ற ராணுவ வண்டி மலைச்சாலையில் கவிழ்ந்தது, வீரர்கள் நால்வர் பலி, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம். இறந்த நால்வரில் ஓட்டுநரும் ஒருவர். அவர் பெயரும் அதில் இருந்தது. அக்காதான் பார்த்து அனுப்பினார். உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. மறுநாள் எல்லோரும் மறந்துவிட்டோம்.

சில மாதம் கழித்து, ராணுவச் செய்திகளைப் பார்க்கும் எங்கள் நிருபர் மூச்சிரைக்க வந்து நின்றார். தாடி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டியில் இருந்து உயிர் தப்பிய ஒரு வீரர் அவரிடம் வாய் திறந்திருந்தார். வண்டி கவிழவே இல்லை. அது நம் மலைச்சாலையிலும் ஓடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டுக்குள், ரகசியமாக அனுப்பப்பட்ட படையின் வண்டி அது. அங்கே அதன்மீது குண்டு விழுந்தது. காயத்தோடே வண்டியைத் திருப்பி, மிச்சமிருந்தவர்களைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் ஓட்டுநர் உயிரை விட்டிருக்கிறார். எல்லைக்கு அப்பால் நம் வீரர் ஒருவர்கூட இல்லை என்று அமைச்சர் அவையில் எழுந்து நின்று சொன்னதும் அந்த நாட்களில்தான்.

தாடி சும்மா வரவில்லை. வண்டியில் இருந்த இன்னும் இருவரிடம் சரிபார்த்திருந்தார். ராணுவத்திடமும் கேட்டு, மறுப்பும் வாங்கி வைத்திருந்தார். வழக்கமான கேள்விக்குப் பதில் தயார் என்று நிமிர்ந்து நின்றவரிடம் அக்கா கேட்டது வேறு.

“டிரைவர் வீட்ல கேட்டாச்சா?”

“அவங்களுக்கு என்னக்கா தெரியும்?”

“நாம என்ன போட்டோம்னு தெரியும்ல.”

பையை எடுத்துக்கொண்டு அக்காவே கிளம்பிவிட்டார். தாடி பின்னாலேயே ஓடினார்.

தெருவைப் பார்த்த சின்ன வீடு. கதவின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். ஏன் என்பது உள்ளே போன பிறகு தெரிந்தது. இறந்த வீரர்களில் ஒருவரின் அம்மா, செய்தித்தாளைப் படித்துவிட்டு இந்தத் தெருவுக்கே வந்து, என் பிள்ளையைக் கொன்ன வீடு இதுதான் என்று அழுது, மண்ணை வாரி அந்தக் கதவில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று முதல் ஓட்டுநரின் மனைவி பிள்ளையைப் பின்சந்து வழியாகத்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். கடைத்தெருவில்கூடத் தலைகாட்டுவதில்லை.

அவருடைய மாமனார், அதாவது ஓட்டுநரின் அப்பா, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் என்று தெரிந்ததும் நாற்காலியை நகர்த்திப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லையாம்.

“அவனுக்கு நான்தாம்மா வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தேன். கவனக்குறைவுன்னு போட்டீங்களே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ராணுவ அறிக்கை என்று சொல்லி அக்கா தப்பித்திருக்கலாம். ஊரில் எல்லாப் பத்திரிகையும் போட்டது என்றும் சொல்லியிருக்கலாம்.

“கேக்கலைங்கய்யா. தப்புதான்.”

பிறகு நடந்தது முழுவதையும் அவர்களிடம் சொன்னார். பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மனைவி அழவில்லை. எந்த இடம், கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்டார். இருந்தார்கள் என்றார் அக்கா. அச்சில் வந்தால் ராணுவத்துக்குக் கோபம் வரும், உங்களுக்கும் தொல்லை வரலாம், வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுகிறோம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் கதவைத் திரும்பிப் பார்த்தாராம்.

“அவர் பேரை ஏற்கெனவே போட்டுட்டீங்கக்கா. இப்ப சரியா போடுங்க.”

செய்தி வருவதற்கு முந்தைய நாள் ராணுவ அதிகாரி ஒருவர் அலுவலகத்துக்கே வந்தார். அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பில் காய்கறி நறுக்கலாம், அப்படி ஒரு விறைப்பு. ஆனால் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. இது வெளியே வந்தால் நாட்டுக்கு நல்லதில்லை என்றார். தவறு இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று பிரதியை அப்படியே அவர் முன்னால் வைத்தார் அக்கா. அதிகாரி நிதானமாகப் படித்தார். தவறு என்று எதையும் காட்டவில்லை. ஒரே ஒரு பத்தியில் விரல் வைத்தார். படை திரும்பி வந்த பாதை அதில் இருந்தது. இன்னும் சிலர் அந்த வழியாகத்தான் வரவேண்டும் என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் அந்தப் பத்தியை அடித்தார். பிள்ளைகள் பத்திரமாக வரட்டும் என்றார். தாடி அன்று முழுக்க அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அதே தாடி புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தப் பத்தியை அடித்த கதையைத்தான்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அக்கா ஒன்று கேட்டார்.

“கவனக்குறைவுன்னு எழுதினது யாருங்க?”

“மேல சொன்னதை எழுதினோம் மேடம்.”

“நாங்களும் அப்படித்தான் போட்டோம்.”

அவர் என்ன நினைத்தாரோ, சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

தலைப்புக்கு அன்று நடந்த அடிதடி ஊரறியும். ரகசியப் படை, எல்லை தாண்டிய போர் என்று ஆளுக்கு ஒன்று எழுதி நீட்டினோம். அக்கா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ‘வண்டி கவிழவில்லை’ என்று எழுதினார். அதோடு விட்டாரா? ஓட்டுநரின் கவனக்குறைவால் வண்டி கவிழ்ந்ததாக நாம் வெளியிட்ட செய்தி பொய், அவருடைய குடும்பத்தாரிடம் இந்த நாளிதழ் மன்னிப்புக் கேட்கிறது என்பதையே முதல் வரியாக்கினார். தாடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இவ்ளோ பெரிய செய்தியை மன்னிப்புலயா ஆரம்பிக்கிறது?”

“இதுதான்டா செய்தி. மீதியெல்லாம் அடுத்த பத்தி.”

முதலாளி முதல் வரியை மட்டுமாவது மாற்றச் சொல்லி மாடியிலிருந்து மூன்று முறை இறங்கி வந்தார், மூன்று முறையும் ஏறிப் போனார். மறுநாள் நாடே அதைப் படித்தது. ராணுவம் என்னிடம் இப்படிச் சொல்லவே இல்லை என்றார் அமைச்சர். சொல்ல வேண்டியதைச் சொல்லவேண்டியவர்களிடம் சொன்னோம் என்றார் தளபதி. கோட்டைக்கும் பாசறைக்கும் நடுவே மூண்ட சண்டையில் இடி எங்கள் கூரையில் விழுந்தது. அரசு விளம்பரம் நின்றது. அக்காவை விசாரணைக்கு அழைத்து நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். தகவல் சொன்னது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டார் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பதில் சொன்னாராம் அக்கா. அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் மாமா, வெளியே வெயிலில் காத்திருந்தார். அவருக்கும் இன்று ஒரு மாலை உண்டு.

ராணுவம் இன்றுவரை தன் அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. விசாரணையும் முடிந்தபாடில்லை. அதை மறைத்துப் புகழ்ந்தால் அக்காவுக்கே பிடிக்காது.

ஆனால் செய்தி வந்த சில நாளில் எங்கள் புகைப்படக்காரர் ஓட்டுநர் வீட்டுப் பக்கம் போயிருந்தார். அன்று மண்ணை வாரி எறிந்த அந்த அம்மா, இந்த வீட்டின் எதிரில் வந்து நிற்பதைப் பார்த்தார். கையில் எங்கள் செய்தித்தாள். உள்ளே போகவும் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓட்டுநரின் மனைவி வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். புகைப்படக்காரர் அக்காவுக்குப் போன் போட்டு, முதல் பக்கத்துக்கு இதைவிடப் படம் கிடைக்காது என்றார்.

“உள்ள போனாங்களா?”

“இல்லக்கா, வாசல்லயேதான் நிக்கிறாங்க.”

“நீ நின்னா எப்படிப் போவாங்க? வந்துடு.”

அவர் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கழற்றிக் கிடந்தது.

அக்காவே, இனி நேரிலேயே சொல்கிறோம். எங்கள் நாளிதழில் வெளிவராத படங்களிலேயே சிறந்தது அதுதான். நோய் நொடி உங்களை எட்டிப் பார்க்காமல், தூக்கம் கண்ணை விட்டுப் போகாமல், தேநீர் ஆறிப்போகாமல், மாமாவும் நீங்களும் பல்லாண்டு நிறைவாக வாழ வேண்டும். எந்த வீட்டுக் கதவின் முன் நின்றாலும் உள்ளே வாங்க என்ற குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

நெஞ்சில் நன்றியோடும் கண்ணில் கொஞ்சம் நீரோடும்,
செய்தி மேசையினர், நிருபர்கள், பக்க வடிவமைப்பாளர்கள், அச்சகத் தோழர்கள்,
தாடி,
படம் எடுக்காமல் திரும்பிய புகைப்படக்காரர்,
தானாகவே கேட்டு வாங்கிக் கையெழுத்திட்ட முதலாளி.